செடி கருகினால் கைராசி இல்லையா?



சுவரிடுக்கில் ஒரு அரசங்கன்று தலைகாட்டினால் போதும், 'ஐயோ, வேர் விட்டா சுவரு பொளந்துடும்' என்று பதறி, அன்றைக்கே பிடுங்கிப் போடுகிறவர்கள் நாம். ஆனால் இன்றைக்கு அதே சுவரில் செடி வளர்க்கக் காசு கொடுக்கிறோம். ஹாலில் ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பச்சைப் பசேலென்று செடிகள்... 'லிவிங் வால்' என்கிறார்கள். நான் 'சுவர்த் தோட்டம்' என்றே எழுதுகிறேன்.

சென்னை, கோவை அடுக்குமாடி வீடுகளில் இருந்த இந்த ஆசை, விருத்தாசலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் கருவேப்பிலங்குறிச்சி வரைக்கும் வந்தாச்சு. செல்போனில் படம் பார்த்து, 'டி.வி.க்குப் பின்னாடி இது மாதிரி வேணும்' என்று கொத்தனாரிடம் சொல்கிறார்கள். ஆசையில் தப்பே இல்லை. வெயில் கொளுத்தும் எங்கள் பக்கத்தில், வீட்டுக்குள் நாலு பச்சை இலையைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால், அந்தச் செடி கருகும்போது பழி யார் தலையில் விழுகிறது? அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சென்னையில் இருக்கும் எங்கள் உறவுக்காரப் பெண்ணின் வீட்டில், அவள் கணவர் ஆசைப்பட்டு, ஒரு நிறுவனத்தாரிடம் சொல்லி சுவர்த் தோட்டம் வைத்தார். ஒரே நாளில் வேலை முடிந்தது. பிளாஸ்டிக் சட்டம், அதில் சின்னச் சின்னப் பைகள், மேலே சொட்டுக் குழாய், கீழே தண்ணீர்த் தொட்டி, சின்ன மோட்டார். அறுபது செடிகள். வந்தவர்கள் எல்லாரும் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுத்துக் கொண்டார்கள். இரண்டு மாதம் ஆனது. மேல் வரிசை காய்ந்தது, கீழ் வரிசை அழுகியது, பின்னால் சுவர் ஊறி சுண்ணாம்பு உதிர்ந்தது. நிறுவனத்தாரோ, 'மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டினால் வந்து மாற்றித் தருகிறோம்' என்றார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. மாமியார், 'அவ கை பட்டா எதுவும் துளிர்க்காது, கைராசி அப்படி' என்றாராம். கணவர், 'வீட்டுலதானே இருக்கே, இதைக்கூடப் பார்த்துக்க முடியலையா?' என்றாராம். செடி வாங்கும்போது அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வகை தேர்ந்தெடுத்தது நிறுவனம், இடம் தேர்ந்தெடுத்தது கணவர். கருகினதற்கு மட்டும் அவள் கை காரணம்!

நான் போய்ப் பார்த்தேன். அந்தச் சுவர், பால்கனியிலிருந்து அதிக தூரத்தில், நட்ட நடுப் பகலிலும் விளக்குப் போட்டால்தான் கண் தெரியும் மூலையில் இருந்தது. அங்கே யார் கை பட்டாலும் செடி துளிர்க்காது, சகோதரிகளே. செடிக்கு சோறே வெளிச்சம்தான். இருட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவது, பட்டினி போட்டு மோர் கொடுக்கிற மாதிரி.

கைராசி என்று ஒன்று இல்லவே இல்லை என்பது என் கட்சி. இருப்பது வெளிச்சமும், தண்ணீர் அளவும், தினமும் பார்க்கிற ஒரு ஜோடிக் கண்ணும்தான். இந்த மூன்றையும் கணக்குப் பார்த்து வைத்தால், யார் வைத்தாலும் வரும். பார்க்காமல் வைத்தால், யார் வைத்தாலும் போகும்.

இந்தச் சுவர்த் தோட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், இது புரியும். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டான்லி ஹார்ட் ஒயிட் என்பவர், செடி தாங்கும் சுவர் அமைப்புக்கு 1938லேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார். அதை உலகம் முழுக்கப் பிரபலம் ஆக்கியவர், பிரான்ஸ் நாட்டுத் தாவரவியல் நிபுணர் பாட்ரிக் பிளாங்க். பாறையிலும் அருவியோரத்திலும் மண்ணே இல்லாமல் தொற்றி வளரும் செடிகளைப் பார்த்து, கம்பளம் போன்ற துணியில் வேர் பிடிக்க வைத்து, மேலிருந்து சத்து கலந்த தண்ணீர் சொட்ட விட்டார். பாரிஸில் 2006ல் திறந்த கே பிரான்லி அருங்காட்சியகத்தின் வெளிச்சுவரில் அவர் வைத்தது சுமார் 15,000 செடிகள், 150 வகை!

படத்தைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால், அது திறந்த வெளியில் வானத்து வெளிச்சம் வாங்கும் சுவர். தண்ணீருக்கு இயந்திரம், வெட்டி விட ஆள், செத்ததை மாற்ற ஆள் எல்லாம் உண்டு. அந்தச் சுவரைத் தூக்கி நம் டி.வி.க்குப் பின்னால் வைத்தால், அத்தனை ஆள் வேலையும் சமையலறையில் இருக்கும் ஒரே ஒருத்தி தலையில் வந்து விழும். மின்சாரம் நின்றால் மோட்டாரும் நிற்கும். பைகளில் மண் கொஞ்சம்தான் என்பதால், கோடையில் ஒரே நாளில் வாடிவிடும்.

அதனால், செடியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் சுவரைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சுலபமான சோதனை சொல்கிறேன். வெயில் உள்ள நாளில் பகல் 12 மணிக்கு, விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, சுவருக்கு ஓரடி முன்னால் கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் தெளிவாக விழுந்தால் நல்ல வெளிச்சம். கை என்று தெரிகிறது, விரல் தெரியவில்லை என்றால் நடுத்தர வெளிச்சம். நிழலே விழவில்லை என்றால், அங்கே சாமி படம் மாட்டுங்கள், செடி வேண்டாம். நம் கண் இருட்டுக்குத் தக்கபடி பழகிக் கொள்ளும். அதனால்தான் 'வெளிச்சமாத்தானே இருக்கு' என்று ஏமாந்து போகிறோம். செடிக்கு அந்த வித்தை தெரியாது. ஜன்னலை ஒட்டி இருக்கும் வெளிச்சம், பத்தடி உள்ளே போவதற்குள் பல மடங்கு குறைந்துவிடும்.

கிழக்கு ஜன்னலுக்குப் பக்கச் சுவர் ரொம்ப உசத்தி. காலை வெயில் பதமாக வரும். மேற்கு ஜன்னல் என்றால், எங்கள் பக்கத்தில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது இலை தீய்ந்து போகும். மெல்லிய திரை போட வேண்டும். இருட்டுச் சுவரில்தான் வைத்தாக வேண்டும் என்று வீட்டில் அடம் பிடித்தால், வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒரு நாளைக்கு 10 மணி நேரமாவது எரிய வேண்டும். 20 வாட் விளக்கு என்றால், இரண்டு மாதத்துக்கு 12 யூனிட் ஆகும். ஒரு விளக்கு கொஞ்சம் இடத்துக்குத்தான் போதும். சுவர் முழுக்க என்றால் மூன்று, நான்கு விளக்கு. அந்தக் கணக்கையும் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, எந்தச் செடி? எங்கள் ஊர் பேரிலேயே கருவேப்பிலை இருக்கிறது. ஆனாலும் சுவர்த் தோட்டத்தில் கருவேப்பிலைக்கு இடமில்லை. அது மரமாகப் போகிற ஜாதி, நல்ல வெயில் கேட்கும். துளசி, ரோஜா, மல்லி எல்லாமும் அப்படித்தான். வாசலிலும் மாடியிலும் வளர வேண்டியதை ஹாலில் வைத்து வதைக்க வேண்டாம்.

வீட்டுக்குள் தாக்குப் பிடிப்பவை, பெரும்பாலும் காட்டில் பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்து பழகியவை. மணி பிளான்ட், சின்கோனியம், பெரணி இந்த ரகம். ஸ்னேக் பிளான்ட்டும், இசட் இசட் பிளான்ட்டும் வறட்சி தாங்குபவை. ஒன்று இலையில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும், இன்னொன்று கிழங்கில் சேர்த்து வைக்கும். பத்து நாள் மறந்தாலும் கோபித்துக் கொள்ளாது. ஸ்பைடர் பிளான்ட் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கேட்கும், ஆனால் குட்டி குட்டியாக ஈன்று தள்ளும்.

'நமக்கு உதவுற மாதிரி ஏதாவது இருக்கக் கூடாதா?' என்று கேட்பீர்கள். இருக்கு! வெற்றிலை. கொடிக்காலில் அகத்தி நிழலில் வளர்கிற கொடிதானே அது? ஜன்னலோரத்தில் வெளிச்சமும், காயாத மண்ணும் கொடுத்தால் வீட்டுக்குள்ளும் வரும். பெரியவர்களுக்குத் தாம்பூலம், குழந்தைக்குச் சளி என்றால் கஷாயம். கற்பூரவல்லியும் புதினாவும், தினம் மூன்று நான்கு மணி நேரம் வெயில் விழும் ஜன்னல் திண்டில் வரும். வெயில் இல்லாத உள்சுவரில் வைத்தால், தண்டு மட்டும் கொடி மாதிரி நீண்டு, இலை சின்னதாகிப் போகும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். 'இருட்டு மூலைக்கு வெள்ளை கலந்த இலை வைத்தால் பளிச்சென்று இருக்கும்' என்று அலங்காரம் சொல்லித் தருகிறவர்கள் சொல்வார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நிலைக்காது. இலையில் பச்சை குறைந்தால், அது சமைக்கிற உணவும் குறையும். வெள்ளை, மஞ்சள் கலந்த இலைகளுக்குத்தான் அதிக வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் குறைந்த பக்கம், முழுப் பச்சை இலைதான் சரி.

அடுக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. மின்விசிறிக் காற்றும் சூடும் மேலே அதிகம் என்பதால், மேல் வரிசை சீக்கிரம் காயும். கீழ் வரிசை ஈரமாக நிற்கும். எனவே மேலே, தண்ணீர் அதிகம் கேட்காத குட்டை ஸ்னேக் பிளான்ட்டும், இசட் இசட் பிளான்ட்டும். இவை நேராக நிற்பதால் கீழே உள்ளவற்றை மறைக்காது. நடுவில் சின்கோனியமும் மணி பிளான்ட்டும். மணி பிளான்ட்டை இரண்டு ஓரத்திலும் வைத்துத் தோரணம் மாதிரி தொங்க விடலாம். நடுவில் தொங்க விட்டால் கீழ் வரிசை வெளிச்சத்தைத் தின்றுவிடும். கீழே பெரணியும் ஸ்பைடர் பிளான்ட்டும். ஸ்பைடர் பிளான்ட் ஜன்னல் பக்கமாக இருக்கட்டும்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. மணி பிளான்ட், சின்கோனியம், இசட் இசட் மூன்றின் இலையிலும் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் உண்டு. கடித்தால் வாயும் நாக்கும் எரியும். ஸ்னேக் பிளான்ட்டைத் தின்றாலும் வாந்தி வரலாம். தவழும் குழந்தையின் கைக்கு எட்டுகிற கீழ் வரிசையில் இருக்கும் பெரணி, ஸ்பைடர் இரண்டிலும் அந்தப் பயம் இல்லை. அழகுக்காக நிறைய பேர் வைக்கிற டிஃபன்பேக்கியா இன்னும் மோசம். மென்றால் நாக்கு வீங்கிப் பேச்சே வராமல் போகும் என்பதால்தான், ஆங்கிலத்தில் அதற்கு 'ஊமைக் கரும்பு' என்று பொருள்படும் பெயரே இருக்கிறது. சின்னக் குழந்தையோ, இலையைக் கடிக்கிற பூனையோ, நாயோ இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். மணி பிளான்ட் கொடி கீழே இறங்கினால், கத்தரியை எடுத்து வெட்டி விடுங்கள்.

எண்ணிக்கையில் பேராசை வேண்டாம். நாலைந்து வகை போதும். ஒரே வகையில் மூன்று மூன்றாகச் சேர்த்து வையுங்கள். புடவையில் உடல் ஒரு நிறம், பார்டர் ஒரு நிறம் என்றால்தானே எடுப்பாக இருக்கும்? இருபது தொட்டியில் இருபது வகை வைத்தால், சந்தைக்கடை மாதிரி இருக்கும். அதோடு, இருபது செடிக்கு இருபது விதமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டி வரும். ஒரு வரிசைக்கு ஒரே அளவு தாகம் உள்ள செடிகள் என்று வைத்தால், வேலை பாதி. முதல் மூன்று மாதம் இடைவெளி தெரியும். தெரியட்டும். இடைவெளி இல்லாமல் திணித்தால், காற்றோட்டம் இல்லாமல் மாவுப்பூச்சி வரும்.

காசும் அதிகம் ஆகாது. மணி பிளான்ட்டை ஒரு கணு இருக்கும்படி வெட்டி, தண்ணீர் உள்ள பாட்டிலில் போட்டால், இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். சின்கோனியமும் அப்படியே. ஸ்பைடர் குட்டியை அப்படியே நடலாம். மஞ்சள் ஓரம் போட்ட ஸ்னேக் பிளான்ட்டை மட்டும் இலையை வெட்டி நடாதீர்கள். முளைக்கும் குட்டியில் அந்த மஞ்சள் ஓரம் இருக்காது. கிழங்கோடு பிரித்து நட வேண்டும். பக்கத்து வீட்டில் ஒன்று வாங்கி, நம்மிடம் இருப்பதில் ஒன்று கொடுத்தால், தெருவே பச்சையாகும். குழம்பு கொடுத்து வாங்குகிற நமக்குக் கொடி கொடுத்து வாங்கத் தெரியாதா?

இப்போது தொட்டிக்கு வருகிறேன். இங்கேதான் எங்கள் பக்கத்துப் பெருமை பேச வேண்டியிருக்கிறது. விருத்தாசலம் என்றால் பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்தபடி பீங்கான்தான். அங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. செராமிக் தொழில்நுட்பம் சொல்லித் தர அரசு கல்வி நிறுவனமும் இருக்கிறது. கார்த்திகைக்கு அகல் விளக்கு, கொலுவுக்கு பொம்மை, மின்சார பியூஸ் கேரியர் என்று எத்தனையோ செய்கிறார்கள். இந்த வேலைகளில் பெண்களும் நிறைய பேர் இருக்கிறார்கள்.

சாதாரண மண் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. வெளியில் வைத்தால் அது நல்லது, வேருக்குக் காற்று கிடைக்கும். ஆனால், வீட்டுக்குள் சுவரை ஒட்டி மாட்டினால், அந்தத் துளை வழியாக ஈரம் கசிந்து சுவரில் ஏறும்; உப்புப் பூக்கும். பீங்கான், மண் தொட்டியை விட அதிக சூட்டில் வெந்தது, மேலே கண்ணாடி மாதிரி மெருகு பூசியது. ஈரத்தை வெளியே விடாது. அதனால் வெளித் தொட்டி பீங்கான். அதற்குள், அடியில் ஓட்டை உள்ள சின்ன நர்சரித் தொட்டியில் செடி. இந்த 'தொட்டிக்குள் தொட்டி' முறைதான் குடும்பப் பெண்ணுக்கு ஏற்ற முறை என்பேன்.

ஏன் என்றால், செடியைத் தனியாக வெளியே எடுக்க முடியும். கிணற்றடியிலோ, துணி துவைக்கிற இடத்திலோ, வாஷ்பேசினிலோ வைத்துத் தண்ணீர் ஊற்றி, வடிந்த பிறகு திரும்ப வைக்கலாம். சுவரில் ஒரு சொட்டு படாது. ஒரு செடி சோர்ந்தால், அதை மட்டும் எடுத்து வாசலில் நிழலில் பத்து நாள் வைத்து, வேறு ஒன்றை அங்கே வைக்கலாம். பிளாஸ்டிக் சட்டமும் மோட்டாரும் உள்ள சுவரில் ஒன்று செத்தால், அதைப் பிடுங்கி மாற்றுவதே பெரிய பாடு.

சுவரில் ஆணி அடித்து மாட்டுவதை விட, சுவரோரம் இரும்பு ஸ்டாண்டு வைப்பது மேல். ஆறு அங்குலத் தொட்டி ஒன்று, ஈர மண்ணோடு 2, 3 கிலோ வரும். இருபது தொட்டி என்றால் 40 முதல் 60 கிலோ! அதைத் தரை தாங்கட்டும், ஆணி தாங்க வேண்டாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கும் தொல்லை இல்லை. காலி செய்யும்போது தோட்டமும் கூடவே வரும். ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள், ஈரம் தங்காது. மேல் வரிசை, உங்கள் கை எட்டும் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. ஸ்டூல் போட்டு ஏறித் தண்ணீர் ஊற்றப் போய், இடுப்பு ஒடிந்தால் யார் பார்ப்பது?

மண்ணை விட, தென்னை நார்க்கழிவு கனம் குறைவு. அதை வாங்கினதும் இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, உப்பை எடுத்துவிட்டு, அதே அளவு செம்மண்ணும், மட்கின தொழு உரமும் கலந்தால் போதும். தண்ணீர் ஊற்றும் முன், விரலை ஒரு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். வீட்டுக்குள் செடி தாகத்தில் சாவதை விட, தண்ணீர் மிஞ்சி வேர் அழுகிச் சாவதுதான் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் குறைக்க வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் ஊருக்குப் போகிறீர்களா? பக்கத்தில் வாளியில் தண்ணீர் வைத்து, நீளமான பருத்தித் திரியின் ஒரு முனையை அதிலும் மறு முனையைத் தொட்டி மண்ணிலும் விடுங்கள். விளக்கில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, தண்ணீர் தானே ஏறும்.

கொசு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, சுத்தமான தேங்கின தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தட்டிலும், வெளித் தொட்டியிலும் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதே கொட்டி, உள்பக்கம் தேய்த்துக் கழுவி விடுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. ஓரத்தில் ஒட்டிய முட்டை, தண்ணீர் இல்லாமலே பல மாதம் உயிரோடு இருக்கும். பாட்டிலில் வளர்க்கும் மணி பிளான்ட்டுக்கும் இதே சட்டம்தான்.

'காற்றைச் சுத்தம் செய்யும், நோயே வராது' என்று விளம்பரம் செய்து விற்பவர்களை நம்பி அதிகம் செலவழிக்காதீர்கள். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1989ல் வெளியிட்ட ஆய்வைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அது காற்றுப் புகாத பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்தது. நம் வீடு அப்படியா மூடிக் கிடக்கிறது? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 2019ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். சாதாரணமாக வீட்டுக்குள் வந்து போகும் காற்று செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டும் என்றால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டுமாம். பத்துக்குப் பத்து அறைக்குக் குறைந்த கணக்கிலேயே 90 செடிக்கு மேல்! தாளிக்கிற புகை போக வேண்டுமா, ஜன்னலைத் திறங்கள். செடியை, மனசு குளிர வையுங்கள். அதுவே பெரிய லாபம்தான்.

கடைசியாக, குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. சுவர்த் தோட்டம் வைக்கும் முன், 'இதுக்குத் தினமும் யார் தண்ணீர் ஊற்றுவது?' என்ற கேள்விக்கு பதில் சொல்லிவிட்டு வையுங்கள். 'அம்மா பார்த்துக்குவா' என்பது பதில் இல்லை. இருபது தொட்டிக்குத் தினம் பத்து நிமிடம், வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் வேலை இருக்கிறது. பையன் தட்டைக் கழுவட்டும், பெண் இலைத் தூசியைத் துடைக்கட்டும், அவர் காய்ந்த கொடியை வெட்டட்டும். ஆள் இல்லை என்றால், ஆறு தொட்டியோடு நிறுத்துங்கள். ஆறு செடி செழிப்பாக இருப்பது, அறுபது செடி சாகக் கிடப்பதை விட அழகு. ஊற்றுகிறவள் யாரோ, அவள் தேர்ந்தெடுக்கட்டும். எத்தனை, எந்தச் சுவர், எந்தச் செடி எல்லாம். அப்புறம் கருகினால், கையைப் பார்க்காதீர்கள், ஜன்னலைப் பாருங்கள்.

விருத்தாசலம் செராமிக் தொழில் செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அகல் விளக்கு கார்த்திகைக்கு, பொம்மை நவராத்திரிக்கு. சீசன் முடிந்தால் விற்பனை குறையும். பின்பக்கம் தட்டையாக, சுவரோரம் ஒட்டி நிற்கிற மாதிரி, நான்கு, ஐந்து அங்குல நர்சரித் தொட்டி உள்ளே அடங்குகிற அளவில், பீங்கான் தொட்டிகளை நிறைய செய்து, நம் கைக்கு எட்டும் விலையில் கொடுங்கள். வருஷம் பூரா விற்குமே! செராமிக் படிக்கிற பிள்ளைகளும் இதற்குப் புதுப் புது வடிவம் யோசிக்கலாம். எங்கிருந்தோ வரும் பிளாஸ்டிக் சட்டத்துக்குக் கொடுக்கும் காசு, நம் பக்கத்துச் சூளையில் வேலை செய்யும் பெண்ணின் அடுப்பை எரிய வைக்கட்டும்.

வீட்டுக்குள் செடி வளர்க்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டில் எந்தச் சுவரில், எந்தச் செடி நன்றாக வருகிறது? இந்தப் பகுதிக்கு எழுதினால், எல்லாரும் தெரிந்து கொள்ளலாமே!

— ஒரு வாசகி,
கருவேப்பிலங்குறிச்சி.